பெண்கள் மல்யுத்தத்தின் பழம்பொருள்கள்: எதைத் தேடுவது, எப்படிச் சோதிப்பது

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை மல்யுத்தத்தின் பழைய போஸ்டர்கள், புகைப்படங்கள், நிகழ்ச்சி ஏடுகள் முதலியவற்றைச் சேகரிக்கத் தொடங்க விரும்பும் ஒருவர் எந்தக் காலகட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், எவற்றுக்கு உண்மையான மதிப்பு உண்டு, போலிகளை எப்படி அறிவது, வாங்கியவற்றை எப்படிப் பாதுகாப்பது?

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இத்துறையில் சுவரில் மாட்டக்கூடிய அழகான பொருள்களைவிட, பத்து இருபது சென்ட்டுக்கு விற்கப்பட்டு மறுநாள் குப்பைக்குப் போன சாதாரணத் தாள்களே பெரும் மதிப்புடையவை. தொழில்முறை மல்யுத்தத்தில் ஆட்டத்தின் முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. அதன் வரலாற்றையும் நிகழ்ச்சி நடத்துநர்கள் தங்கள் வசதிக்கேற்பவே எழுதினார்கள். பெண்கள் விஷயத்தில் அந்த எழுத்து இன்னும் கைக்கு வந்தபடி நடந்தது. யார் எப்போது பட்டம் வென்றார், யார் எந்தப் பெயரில் எந்த ஊரில் மோதினார், யாருக்கு எந்த மாநிலத்தில் அனுமதி மறுக்கப்பட்டது என்பதையெல்லாம் இன்று உறுதி செய்ய உதவுபவை அந்த இரவில் அரங்கத்தில் விற்ற நான்கு பக்க ஏடும், மறுநாள் நாளிதழில் வந்த சிறு செய்தியும், பத்திரிகைப் புகைப்படத்தின் பின்புறம் ஒட்டப்பட்ட விளக்கச் சீட்டும்தான். ஆகவே எந்தப் பொருளையும் வாங்குமுன் அதன் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்பதே நான் தரும் முதல் அறிவுரை.

காலகட்டம் என்று கேட்டால், மில்ட்ரெட் பர்க்கின் காலத்திலிருந்து தொடங்குவதே முறை. கான்சாஸ் மாநிலத்தின் காஃபிவில்லில் 1915-ல் பிறந்த அவர், 1930-களில் பில்லி வுல்ஃப் என்பவரிடம் பயிற்சி பெற்று, தொடக்கத்தில் திருவிழாக் கூடாரங்களில் ஆண்களுடனும் மோதி, 1937-ல் கிளாரா மார்ட்டன்சனை வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். வுல்ஃப் அவருடைய கணவராகவும் மேலாளராகவும் இருந்தார். ஒஹையோவின் கொலம்பஸ் நகரிலிருந்து அவர் நடத்திய அமைப்பின் வழியேதான் 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவெங்கும் பெண்கள் மல்யுத்தம் நடந்தது. மே யங், நெல் ஸ்டூவர்ட், ஜூன் பையர்ஸ் போன்றோர் அந்த வட்டத்திற்குள் வந்தவர்கள். வீராங்கனைகளின் வருவாயில் பெரும்பங்கு வுல்ஃபுக்கே போனது. இது சேகரிப்பாளர்களும் அறிய வேண்டிய செய்தி. கைக்கு வந்த கூலி குறைவாக இருந்ததால் பலர் தங்கள் படங்களைத் தாமே அரங்க வாசலில் கையெழுத்திட்டு விற்றார்கள். எட்டுக்குப் பத்து அங்குல அளவுள்ள பளபளப்புப் படங்களும் அஞ்சலட்டை அளவுப் படங்களும் இன்று ஓரளவு தாராளமாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதே காலத்து நிகழ்ச்சி ஏடுகளும் நுழைவுச்சீட்டின் கிழிபடாத பகுதிகளும் படங்களைவிடவும் அரிதானவை. படத்தைப் பத்திரப்படுத்துவார்கள், சீட்டை யார் வைத்துக்கொள்வார்கள்?

1954 ஆகஸ்ட் 20 அன்று அட்லாண்டாவில் பர்க்குக்கும் ஜூன் பையர்ஸுக்கும் நடந்த மோதல் இத்துறையின் மையப் புள்ளி. அப்போது பர்க்கும் வுல்ஃபும் பிரிந்துவிட்டிருந்தார்கள். பையர்ஸ் வுல்ஃபின் மருமகள். மூன்று சுற்றில் இரண்டு என்ற விதியின்படி முதல் சுற்றைப் பையர்ஸ் வென்றார். இரண்டாம் சுற்று முடிவு காணப்படாமலேயே ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு இருவரும் தாமே சாம்பியன் என்றார்கள். பர்க் அவ்வாண்டு நவம்பரில் ஜப்பானுக்குச் சென்று ஆடினார். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து தனி அமைப்பையும் நடத்தினார். ஆகவே 1954-க்குப் பிந்தைய ஏடு ஒன்றில் 'உலக சாம்பியன்' என்று ஒரு பெயர் இருப்பதைக் கண்டவுடன் அதைப் பிழை என்றோ போலி என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. 1956-ல் பால்டிமோரில் நடந்த போட்டியில் ஜூடி கிரேபிளை வென்ற ஃபேபுலஸ் மூலா, அதாவது லில்லியன் எலிசன், பட்டத்துக்கு உரிமை கோரிய மூன்றாமவராக வந்தார். 1961-ல் பென்னி பேனர் இன்னொரு சங்கத்தின் முதல் பெண் சாம்பியனானார். ஒரே மாதத்தில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெண்களை உலக சாம்பியன் என்று அச்சிட்ட தாள்கள் எல்லாமே உண்மையானவையாக இருக்கக்கூடும். நடத்துநரின் பெயரையும் அரங்கத்தின் பெயரையும் வைத்தே அது எந்தப் பட்டம் என்று பிரித்தறிய வேண்டும்.

மூலா 28 ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியனாக இருந்தார் என்று பிற்காலத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட கதைக்கு மறுப்பும் தாள்களில்தான் இருக்கிறது. 1966-ல் பெட் பூஷே, 1968-ல் ஜப்பானில் யூகிகோ தோமோஎ, 1976-ல் சூ கிரீன், 1978-ல் ஈவ்லின் ஸ்டீவன்ஸ் ஆகியோர் சிறிது காலத்துக்கேனும் அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து பெற்றார்கள். இந்நால்வரில் எவரையேனும் சாம்பியன் என்று குறிப்பிடும் அக்கால ஏடு கிடைத்தால், அது அட்டை கிழிந்ததாக இருந்தாலும், மூலாவின் பளபளப்பான கையெழுத்துப் படங்கள் பலவற்றைவிட எனக்கு மேலானது. மூலாவின் கையெழுத்து எளிதில் கிடைக்கும். அவர் 2007 வரை வாழ்ந்தார், இறுதிவரை பொது நிகழ்ச்சிகளில் தோன்றினார். 2018-ல் அவர் பெயரில் அறிவிக்கப்பட்ட ஒரு போட்டி, அவர் தம்மிடம் பயின்ற பெண்களைச் சுரண்டினார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்ததால் சில நாள்களிலேயே பெயர் மாற்றப்பட்டது. அதனால் அவருடைய பொருள்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவரிடம் பயின்று ஊர் ஊராகச் சென்று ஆடிய பெண்களின் பெயர்கள் இடம்பெற்ற ஏடுகளையும் சேர்த்து வைத்தால்தான் அந்தக் காலம் முழுமையாகத் தெரியும்.

இனி, காலத்தைக் கணிப்பதும் போலியை அறிவதும். நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இங்கே உழைப்பவர் பணத்தை வீணாக்கமாட்டார்.

நிகழ்ச்சி ஏடுகளிலும் போஸ்டர்களிலும் பெரும்பாலும் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு இராது. நிரந்தர நாள்காட்டி ஒன்றை வைத்துக்கொண்டால் ஆண்டுகளைச் சுருக்கிவிடலாம். எடுத்துக்காட்டாக, ஆகஸ்ட் 20 வெள்ளிக்கிழமையாக அமைந்தவை 1937, 1943, 1948, 1954, 1965 ஆகிய ஆண்டுகள். இவற்றுள் எதில் அந்த வீராங்கனைகள் இருவரும் களத்தில் இருந்தார்கள் என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். முகவரியும் உதவும். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு அமெரிக்காவில் 1963-ல் வந்தது. அதற்கு முன் 1943 முதல் பெருநகரங்களில் ஊர்ப்பெயரை அடுத்து ஓரிரு இலக்க எண் மட்டும் எழுதும் வழக்கம் இருந்தது. 1950-ஆம் ஆண்டுப் படம் என்று விற்கப்படுவதன் பின்புற முத்திரையில் ஐந்து இலக்க எண் இருந்தால், அந்த முத்திரை 1963-க்குப் பிந்தையது; படமே பின்னாளில் எடுத்த படியாக இருக்கக்கூடும். நுழைவுச்சீட்டில் கட்டணமும் வரியும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். 1944 முதல் 1954 வரை கூட்டாட்சிக் கேளிக்கை வரி 20 விழுக்காடாக இருந்து, பிறகு பாதியாகக் குறைந்தது. எனவே ஒரு சீட்டில் வரியின் விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் காலம் ஓரளவு புலப்படும்.

பத்திரிகைப் புகைப்படங்களில் நிறுவன முத்திரை முக்கியமானது. ஆக்மி என்ற செய்திப்பட நிறுவனத்தின் பெயர் 1952-ஓடு மறைந்தது. யுபிஐ (யுனைட்டெட் பிரஸ் இன்டர்நேஷனல்) என்ற செய்தி நிறுவனத்தின் பெயர் 1958-ல்தான் பிறந்தது. படத்தின் பின்னால் நாளிதழ் நூலகத்தார் குத்திய தேதி முத்திரைகள் பல இருந்தால், முதல் தேதியையே கணக்கில் கொள்ள வேண்டும். பிந்தையவை அப்படத்தை மறுபடி பயன்படுத்திய நாள்கள். முன்பக்கத்தில் ஓவியர் வெள்ளை மை பூசியிருப்பதையும், அளவுக்கோடு கிழித்திருப்பதையும் சேதம் என்று எண்ணிச் சிலர் தவிர்க்கிறார்கள். அந்தக் கோடுகள்தான் அப்படம் உண்மையில் நாளிதழ் அலுவலக மேசையில் கிடந்தது என்பதற்குச் சான்று. அவற்றை அழித்துத் தருவதாகச் சொல்லும் 'சீரமைப்பாளர்களை' நம்ப வேண்டாம்.

தாளின் இயல்பும் பேசும். பிளாஸ்டிக் பூச்சுடைய புகைப்படத் தாள் 1960-களின் இறுதியில்தான் புழக்கத்திற்கு வந்தது. பழைய படம் சற்றே சுருண்டிருக்கும், பின்புறம் காகிதத்தின் தன்மையோடு இருக்கும்; பிளாஸ்டிக் போல் வழவழவென்று தட்டையாக இருப்பது 1940-களின் அச்சாக இருக்க முடியாது. காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளிரும் வேதிப்பொருள்கள் 1950-களில்தான் பரவலாகச் சேர்க்கப்பட்டன. இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாகப் பளீரென்று ஒளிரும் தாளை 1940-களின் ஏடு என்று ஏற்கக் கூடாது. ஆனால் ஒளிராததனாலேயே ஒன்று பழையது என்று ஆகிவிடாது. பிற்காலத்திலும் அத்தகைய தாள்கள் இருந்தன. இந்தச் சோதனை ஒன்றைத் தள்ளுபடி செய்ய உதவுமேயன்றி உறுதி செய்ய உதவாது.

கடைக் கண்ணாடிகளில் வைக்கப்பட்ட தடித்த அட்டைப் போஸ்டர்கள் பொதுவாக 14-க்கு 22 அங்குல அளவில் இருக்கும். ஊர், அரங்கம், தேதி ஆகியவற்றை அச்சிட மேலே இடம் விட்டிருப்பார்கள். நாஷ்வில்லில் 1879-ல் தொடங்கிய ஹாட்ச் ஷோ பிரிண்ட் போன்ற அச்சகங்கள் மர எழுத்துகளையும் செதுக்கிய கட்டைகளையும் கொண்டு இவற்றை அச்சிட்டன. அழுத்தி அச்சிட்டதால் எழுத்தின் விளிம்பில் மை சற்றுத் திரண்டு நிற்கும். பின்புறம் விரலால் தடவினால் பதிவு தட்டுப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பெரிய எழுத்துகள் முழுவதும் நுண்ணிய வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால், அது அசல் ஒன்றைப் படமெடுத்து ஆஃப்செட்டிலோ கணினி அச்சிலோ எடுத்த நகல். கடினமானது வேறொரு வகை: பழைய கட்டைகளிலிருந்தே பிற்காலத்தில் எடுத்த அச்சு. அதில் அழுத்தமும் மையும் அசல்போலவே இருக்கும். அட்டையின் விளிம்பு உட்புறம் வரை பழுப்பேறியிருக்கிறதா, ஆணித்துளையும் ஒட்டுநாடாக் கறையும் இயல்பான இடங்களில் இருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பழுப்பு நிறம் ஒரே சீராகப் பரவியிருந்தால் தேநீர்ச் சாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து குறித்து ஒரே குறிப்பு. அமெரிக்கச் சந்தையில் பால்பாயிண்ட் பேனா 1945-ன் இறுதியில் வந்தது. ஷார்பி என்ற மார்க்கர் 1964-ல் வந்தது. 1940-ஆம் ஆண்டுப் படத்தில் மார்க்கரால் கையெழுத்திட்டிருந்தால் அது அந்த ஆண்டுக் கையெழுத்து அல்ல. அதனாலேயே அது பொய் என்றும் ஆகாது: பர்க் 1989 வரை வாழ்ந்தார், மே யங் 2014 வரை வாழ்ந்தார். பழைய படத்தில் முதுமையில் இட்ட கையெழுத்து உண்மையானதே. அதைப் பழைய கையெழுத்தின் விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவே.

ஒரு பகுதியை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். பாப்ஸ் விங்கோ, எதெல் ஜான்சன், மார்வா ஸ்காட் ஆகிய மூவரும் உடன்பிறந்த சகோதரிகள். 1950-களின் தொடக்கத்தில் கொலம்பஸிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் ஆடிய கறுப்பின வீராங்கனைகள். இனப் பாகுபாடு சட்டமாக இருந்த தென் மாநிலங்களில்கூட இவர்களுடைய ஆட்டத்துக்குக் கூட்டம் கூடியது. ஆயினும் பெரிய மல்யுத்த இதழ்கள் இவர்களுக்குத் தந்த இடம் குறைவு. இவர்களைத் தேடுபவர் ஆப்பிரிக்க-அமெரிக்கர் நடத்திய வார ஏடுகளையும் 1951-ல் தொடங்கிய ஜெட் இதழையும் புரட்ட வேண்டும். விற்பவர்கள் பலர் பெயரறியாமல் 'கறுப்பினப் பெண் மல்யுத்தம், அடையாளம் தெரியவில்லை' என்று பட்டியலிடுவதுண்டு. முகங்களை அறிந்து வைத்திருப்பவருக்கு அங்கே வாய்ப்பு இருக்கிறது. அடையாளம் கண்ட பின் பெயரைப் பதிந்து வைக்கும் கடமையும் இருக்கிறது.

சில இடங்களில் பொருளே கிடைக்காது. அதற்கும் காரணம் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பெண்கள் மல்யுத்தத்துக்கு இருந்த தடை 1972-ல்தான் நீங்கியது. எனவே அதற்கு முந்தைய மேடிசன் சதுக்க அரங்கின் பெண்கள் மல்யுத்த ஏடு என்று எவரேனும் விற்றால் கூர்ந்து பாருங்கள். மெக்சிகோ நகரில் 1950-களில் வந்த தடை 1986 வரை நீடித்தது. அங்கே பெண்கள் தலைநகருக்கு வெளியேதான் ஆடினார்கள்; ஆகையால் அவர்களுடைய துண்டறிக்கைகளைச் சிற்றூர் அரங்கங்களின் பெயரில் தேட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தடை இருந்த அதே காலத்தில் பெண் மல்யுத்த வீராங்கனைகளை நாயகிகளாக்கிய திரைப்படங்கள் அங்கே ஓடின. திரையரங்கு முகப்பில் வைத்த அவற்றின் வண்ண விளம்பர அட்டைகள் (லாபி அட்டைகள்) இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஜப்பானியப் பொருள்கள் தனி உலகம். அமெரிக்கப் பொருள்களுக்கு இணையாக அதைத் தொடர வேண்டும் என்பது என் விருப்பம். 1968-ல் தொடங்கி 2005 வரை இயங்கிய ஆல் ஜப்பான் விமன்ஸ் அமைப்பு, பர்க் உருவாக்கிய பட்டத்தையே தன் உயரிய பட்டமாக ஏற்றது. 1976-ல் ஜாக்கி சாட்டோ, மாக்கி உயேடா இருவரும் 'பியூட்டி பேர்' என்ற பெயரில் ஆடியும் பாடியும் புகழ்பெற்றார்கள். அவர்களுடைய ஏழு அங்குல இசைத்தட்டுகள், உறையும் பாடல் தாளும் சேதமில்லாமல் இன்றும் கிடைக்கின்றன. அடுத்து வந்த 'கிரஷ் கேல்ஸ்', அதாவது சிகுசா நாகாயோவும் லயனஸ் அசுகாவும், பள்ளி மாணவிகளை அரங்கத்துக்கு இழுத்து வந்தார்கள். 1985 ஆகஸ்ட் 28 அன்று ஒசாகாவில் டம்ப் மட்சுமோட்டோவிடம் தோற்ற நாகாயோவின் தலைமுடி மழிக்கப்பட்டபோது, அரங்கத்தில் இளம்பெண்கள் கதறி அழுததை ஒளிப்பதிவில் காணலாம். அன்றைய நிகழ்ச்சி மலரைத் தேடுவோர் பலர். அமெரிக்காவில் வாங்குவோர் பெரும்பாலும் ஆண்களாக இருந்ததும், ஜப்பானில் வாங்கியோர் மாணவிகளாக இருந்ததும் பொருள்களின் நிலையிலேயே தெரிகிறது: ஜப்பானிய ஏடுகள் உறையிட்டு, தேதி எழுதி, சில வேளை நுழைவுச்சீட்டையும் உள்ளே ஒட்டி வைத்த நிலையில் வருகின்றன.

1980-களின் அமெரிக்கப் பொருள்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1984 ஜூலை 23 அன்று எம்டிவியில் ஒளிபரப்பான ஆட்டத்தில் வெண்டி ரிக்டர் மூலாவை வென்றதும், 1986-ல் லாஸ் வேகாஸில் குளோ என்ற பெண்கள் மல்யுத்தத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதும் இத்துறையை மீண்டும் பொதுமக்கள் கண்ணில் கொண்டுவந்தன. அக்காலத்து அட்டைகள், இதழ்கள், காணொளி நாடாக்கள் இலட்சக்கணக்கில் விற்கப்படும் நோக்கத்தோடு உருவானவை. விருப்பத்துக்காக வாங்கலாம், முதலீடு என்று எண்ண வேண்டாம்.

பட்டத்தின் அடையாளமான பெல்ட், அங்கி, காலணி ஆகியவற்றில் தொடக்கநிலையாளர் இறங்கவே கூடாது என்பேன். பெல்ட்டுகளுக்கு மறுபதிப்புகள் எண்ணற்றவை. எது யாரிடம் இருந்து யாரிடம் போனது என்ற தொடர் முழுமையாகத் தெரிந்தாலொழிய விலை பேச இடமில்லை. 1995 டிசம்பரில் அலண்ட்ரா பிளேஸ் என்ற வீராங்கனை தம் பெல்ட்டைத் தொலைக்காட்சியில் குப்பைத் தொட்டியில் போட்டார். அதே பெல்ட்டை 2015-ல் மேடையில் ஒரு குப்பைத் தொட்டியிலிருந்தே எடுத்துக் காட்டினார். அவ்வளவு தெளிவான வரலாறு உள்ள பொருள்கள் மிகச் சிலவே.

சந்தையின் இன்னொரு முகத்தையும் மறைக்க வேண்டியதில்லை. இத்துறையின் தேவையில் ஒரு பகுதி எப்போதும் காமப் பார்வையிலிருந்து வந்தது. 1970-களில் சில மல்யுத்த இதழ்கள் 'அபார்ட்மெண்ட் ரெஸ்லிங்' என்ற பெயரில் விளம்பர அழகிகளைக் கொண்டு ஒருங்கமைத்த படங்களை வெளியிட்டன. அவை எந்த அரங்கத்திலும் நடந்தவை அல்ல. அஞ்சல்வழி விற்ற எட்டு மில்லிமீட்டர் படச்சுருள்களிலும் இவ்வகை மிகுதி. விற்பவர் இரண்டையும் ஒரே தலைப்பில் வைப்பார். வாங்குபவர்தான் பிரித்தறிய வேண்டும். அரங்கப் பெயர், நடுவர், பார்வையாளர் வரிசை, தேதி ஆகிய நான்கில் ஒன்றும் இல்லாத படம் வரலாற்றுச் சான்றாகாது.

பாதுகாப்பு முறை எளிது. செய்தித்தாள் ஒளியிலும் வெப்பத்திலும் பழுத்து நொறுங்கும். ஆகவே முதலில் உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்துவிட்டு, அமிலமற்ற அட்டையுடன் பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். கடைகளில் கிடைக்கும் பிவிசி ஆல்பங்கள் காலப்போக்கில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஒட்டுப்பசை ஆல்பங்களும் அப்படியே. ஒட்டுநாடாவால் கிழிசலை ஒட்டவே வேண்டாம். படச்சுருள் பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அந்தச் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, விரைவில் கணினிப் பதிவாக மாற்ற வேண்டும். நம் ஊர்க் கடலோர ஈரப்பதத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கட்டாயம். வங்கிப் பெட்டகத்தைவிட வீட்டின் உட்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரி மேல்; அடிக்கடி திறந்து பார்ப்பீர்கள் அல்லவா?

எங்கே வாங்குவது என்றால், 1995-ல் இபே தொடங்கும் வரை இது ரசிகர் மன்றச் சுற்றறிக்கைகளிலும் அஞ்சல் நட்பிலும் நடந்த பரிமாற்றம். அந்த ரசிகர் மன்றங்களைப் பல ஊர்களில் பெண்களே நடத்தினார்கள். அவர்கள் மிமியோகிராஃப் என்ற பழைய நகலெடுக்கும் இயந்திரத்தில் எடுத்த சுற்றறிக்கைகளே இன்று தேடப்படும் பொருள்கள். நாளிதழ்கள் தம் படக்காப்பகங்களை மொத்தமாக விற்கத் தொடங்கியதால் பத்திரிகைப் புகைப்படங்கள் பின்னர் சந்தையில் குவிந்தன. தேடும்போது வீராங்கனையின் பெயரால் மட்டும் தேடாதீர்கள். ஆண்கள் மோதிய முதன்மை ஆட்டத்தின் பெயரிலேயே ஏடு பட்டியலிடப்பட்டிருக்கும். பெண்கள் ஆட்டம் உள்ளே மூன்றாம் வரியில் இருக்கும். ஊர், அரங்கம், நடத்துநர் ஆகியவற்றின் பெயரால் தேடி, உட்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குவதே சிக்கனமான வழி.

ஒப்பீட்டுக்கு ஒரு பொதுக் காப்பகம் வேண்டுமென்றால், இண்டியானாவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக நூலகத்தில் ஜாக் ஃபெஃபர் என்ற நடத்துநரின் தொகுப்பு இருக்கிறது. மூலாவைத் தொடக்க காலத்தில் அரங்கேற்றியவர்களுள் அவரும் ஒருவர். கடிதம், கணக்கு, படம், சுவரொட்டி என எதையும் தூக்கி எறியாமல் சேர்த்து வைத்தவர். உங்களிடம் உள்ள ஒரு படத்தையோ ஏட்டையோ உறுதி செய்துகொள்ள நேரும்போது, பொருளின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, அளவையும் முத்திரைகளையும் எழுதி, எங்கிருந்து எப்போது எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்ற குறிப்போடு அனுப்பினால், எந்தக் காப்பகத்தாராலும் பயனுள்ள பதில் தர முடியும். அந்தக் குறிப்பை வாங்கிய அன்றே, பொருளின் மேல் அல்லாமல் தனி அட்டையில் பென்சிலால் எழுதி உறைக்குள் வைத்துவிடுங்கள்.